அண்ணன் விட்ட செருப்பு, அண்ணி விட்ட கவிச்சி

“எடுத்துக்கோ பாப்பா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ. எங்கிட்ட நெறையக் கீது.”

கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, என் மேசை மேல் இடது கையை நீட்டி வைத்திருந்தாள் அண்ணி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ரத்தம் சரியாக இறங்காது என்று அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

மாங்காய்க் காலம். சித்தூர் மாங்காய் மண்டிகளுக்குப் பின்புறம்தான் எங்கள் டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரி. ஜன்னலைத் திறந்தால் மாம்பழ வாசனை, மூடினால் ஸ்பிரிட் வாசனை. இரண்டையும் சேர்த்து முகர்ந்தே எனக்கு அந்த வயது கழிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அண்ணன். முகம் சுண்ணாம்பு. நாலு வார்த்தை பேசினால் நாய்க்கு இரைப்பது போல் இரைத்தது. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால்தான் ஆள் எழுந்திருப்பார் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

முதலில் என் கையைத்தான் நீட்டினேன். அண்ணி அதைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

“நீ கல்யாணம் ஆவாத பொண்ணு. நாள் முழுக்க நின்னுக்கினே வேலை செய்ற. உன் ரத்தத்தப் போயி எடுப்பாங்களா? நான் எதுக்கு இருக்கிறேன்?”

சரி என்று அவள் மோதிர விரலைப் பிடித்தேன். விரல் சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் ஏன் சில்லென்று இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையைப் பிழைப்பாகக் கொண்டவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஊசியை எடுத்தேன்.

ஊசி அப்படியே இருக்கட்டும். அதற்கு முன் என் அண்ணனின் கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

யார் மேல் புகார்?

அதற்கும் முன் டாக்டரம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை. நெல்லூர்க்காரர். தெலுங்கில் யோசித்துத் தமிழில் திட்டுவார். அவரிடம் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு நோயாளியின் சீட்டில் ‘ரத்தசோகை’ என்று எழுதிவிட்டு, பெரிய காரியம் முடித்த பூரிப்போடு நின்றேன்.

“அம்மாயி, இது வியாதியோட பேரு இல்ல. இது ஒரு புகார்,” என்றார். “புகார் வந்தா யார் மேலன்னு கேக்கணும். கேக்காம எல்லாருக்கும் ஒரே டானிக்க ஊத்தினா, திருடன விட்டுட்டு ஊரையே லாக்கப்புல போட்ட மாதிரி.”

அவர் கணக்கில் திருடர்கள் மூன்று வகை. ரத்தம் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கலாம்: மாதவிலக்கில், மூலத்தில், பிரசவத்தில், அல்லது குடலுக்குள் குடியிருக்கும் புழுவின் வாயில். இல்லையென்றால் உடம்பு ரத்தம் செய்யவே முடியாமல் திணறலாம், செய்வதற்கான சரக்கு வந்து சேராததால். மூன்றாவது, செய்த ரத்தம் உடைந்துகொண்டே இருப்பது. எங்கள் பக்கத்துத் தோப்புக் காவல்காரர்கள் மலேரியா குளிர் வந்து வந்து, மண்ணீரல் பூசணிக்காய் போல் வீங்கி, கண் மஞ்சளித்துக் கிடப்பார்களே, அது அந்த வகை.

சரக்கு என்றதும் எல்லாரும் இரும்புச் சத்தைத்தான் நினைப்பார்கள். இரும்பு குறைந்தால் ரத்த அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறி, வெறும் வளையம் போல் தெரியும். ஆனால் வேறு சரக்குகளும் உண்டு. கீரையிலும் ஈரலிலும் இருக்கும் சத்து ஒன்று. மாமிசம், முட்டை, பால் இவற்றில் மட்டுமே இருக்கும் சத்து ஒன்று. அவை குறைந்தால் அணுக்கள் சிறுக்காது. நேர்மாறாக ஊதிப் பெரிதாகும், எண்ணிக்கை மட்டும் குறைந்துபோகும். ஆக, ரத்தம் கம்மி என்று வருகிற இரண்டு பேரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஒருவருக்குக் கம்பு, இன்னொருவருக்கு மொச்சை.

நானே ஒரு பலப்பத் திருடி

இதைச் சொல்லாமல் போனால் என் சித்தி மகள்கள் கடிதம் போட்டு மானத்தை வாங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பலப்பம் தின்பேன். சிலேட்டில் எழுதுகிற பலப்பம்தான். என்னுடையது தீர்ந்தால் அடுத்தவள் பையில் கை வைப்பேன். மழை பெய்து செம்மண் சுவர் நனைந்தால், அந்த வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

நைனா புளியம் விளாறால் அடித்தார். “சோறு போடாமயா வளக்கிறேன்? மண்ணத் துன்னுதே இந்தக் கழுதை!”

இரும்பு குறைந்த உடம்பு மண்ணையும் சாம்பலையும் பச்சரிசியையும் தேடி அலையும் என்று பின்னால் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அடி வாங்கியதற்காக அல்ல. அடித்துவிட்டு நைனா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாரே, அதற்காக. பாவம், இருவருமே ஒன்றும் தெரியாதவர்கள்.

மேடைக்குப் பறந்த செருப்பு

இனி அண்ணன். எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், வண்டிப்பாதையில் உள்ளே போக வேண்டும். அண்ணன் மாந்தோப்புக் குத்தகைக்காரர். ஊரில் எல்லாரும் வெறுங்காலோடு தோப்புக்குப் போன காலத்தில், செருப்பு போட்டுக்கொண்டு போன ஒரே ஆள் அவர்தான். சித்தூரில் அளவு கொடுத்துத் தைத்த தோல் செருப்பு. அவர் வருவதற்கு முன்னால் அதன் ‘கிறீச்’ வரும். மாமரத்தில் இருக்கும் அணில்கூட ஒதுங்கி வழிவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அப்போது ஆந்திர மாநிலம் புதிதாகப் பிரிந்திருந்தது. எங்கள் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது. தமிழ் பேசுகிற எல்லைக் கிராமங்களை மெட்ராசோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், மனு, கையெழுத்து, ரயில் மறியல் எல்லாம் நடந்தன. அண்ணன் அதில் தலைகால் தெரியாமல் விழுந்தார். மாங்காய் விலை பேசப் போகிற இடத்திலும் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்.

நகரிப் பக்கம் ஒரு கூட்டம். பேச்சாளர் ஒருவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்க, கூட்டத்திலிருந்து அண்ணன் எழுந்தார். இரண்டு செருப்பையும் கழற்றினார்.

“எங்க ஊரு மெட்ராசோட சேர்ற வரைக்கும் இத நான் கால்ல போடமாட்டேன்! ஏழுமலையான் மேல சத்தியம்!”

சொல்லிவிட்டு மேடையை நோக்கி வீசினார். எதற்கு வீசினார், யாருக்காக வீசினார் என்று தெரியாத பேச்சாளர் சட்டென்று குனிந்துகொண்டார். கூட்டம் முடிந்து தேடினால் செருப்பைக் காணோம். எடுத்தவன் எந்த மாநிலத்தை ஆதரித்தானோ தெரியாது.

அண்ணியின் பதிலடி

அண்ணி பிறந்தது திருப்பதி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. புருஷனை “ஏமண்டி” என்றுதான் கூப்பிடுவாள். தமிழுக்காகச் செருப்பை வீசியவர், ஆயுசு முழுக்க ‘ஏமண்டி’க்கு “இன்னாடி” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எல்லைத் தகராறே கிடையாது. என்னைவிட அவள் இரண்டே வயது மூத்தவள். எனக்கும் அவளுக்கும் வா, போதான்.

அன்று வெறுங்காலோடு வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“ஏமண்டி, நீங்க மட்டுந்தான் அந்த சாமி மேல சத்தியம் பண்ணுவீங்களா? அவரு எங்க ஊரு சாமி. நீங்க திரும்பச் செருப்பு போடற வரைக்கும் நான் கவிச்சி தொடமாட்டேன்.”

கோபத்தில் சொன்னதுதான். மீன், கருவாடு, கறி இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது என்று ஊருக்கே தெரியும். ஒரு வாரத்தில் மனுஷன் இறங்கி வருவார் என்று கணக்குப் போட்டாள். அவரோ, இவள் ஒரு வாரத்தில் கருவாட்டை எடுப்பாள் என்று கணக்குப் போட்டார். ஏழுமலையான் இரண்டு கணக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சமைப்பதை அவள் நிறுத்தவில்லை. கருவாடும் கறியும் அதே ருசியில் அவர் தட்டில் விழும். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்காருவாள்.

தோப்பு மண்ணில் இருந்தது

இரண்டு வருஷம் போனது. அண்ணன் வெளுக்க ஆரம்பித்தார். ‘எல்லைக்காக ஊர் ஊராக அலைகிறார், அதுதான்’ என்றார்கள். நான் அவரைச் சித்தூருக்கு இழுத்துவந்து, கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, காலையில் மலம் வேண்டும் என்றேன். “சொந்தத் தங்கச்சி கேக்கற கேள்வியா இது?” என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

மைக்ராஸ்கோப்பில் கொக்கிப்புழு முட்டைகள். மெல்லிய ஓட்டுக்குள் நாலு கண்ணாடி உருண்டை போல், பார்க்க அழகாகத்தான் இருக்கும். தோப்போரம் ஆட்கள் வெளிக்குப் போகிற ஈர மண்ணில் அந்த முட்டைகள் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் காத்துக் கிடக்கும். வெறுங்கால் பட்டால் விரல் இடுக்கில் துளைத்து ஏறும். அரிக்கும். சேற்றுப்புண் என்று மஞ்சள் தடவுவார்கள். அது ரத்தத்தோடு பயணம் போய்க் குடலில் கொக்கி மாட்டிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வருஷக்கணக்கில் உறிஞ்சும்.

ஊரில் பாதிப் பேருக்கு அது இருந்தது. எல்லாரும் வெளிறி இருந்ததால் யாரும் வெளிறியதாகத் தெரியவில்லை. அண்ணனை அதுவரை காப்பாற்றியது அந்தக் கிறீச் செருப்பு.

புழு மருந்து கொடுத்தோம். தலை சுற்றும் வாடை அதற்கு. இரும்பு மாத்திரை கொடுத்தோம். “வாரம் ரெண்டு நாள் ஆட்டீரல் வறுத்துப் போடு, பாலை இவருக்கே கொடு” என்று அண்ணிக்குக் கட்டளை போட்டேன். இந்தக் கட்டளையைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். போட்டது நான்.

ஆறு மாதத்தில் அண்ணன் தேறினார். மறுபடி வெறுங்காலோடு தோப்புக்குப் போனார். அடுத்த மாரிக்குள் மறுபடி வெளுத்தார். மருந்து கொடுப்போம், ஏறும். மண்ணை மிதிப்பார், இறங்கும். “செருப்பைப் போடுண்ணா” என்று நான் கத்தாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. “வாக்குன்னா வாக்குதாம்மா” என்பார்.

அவர் விரலைக் குத்திக் குத்தி எனக்கே கை வலித்தது. இதற்கிடையில் அண்ணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, நடக்க ஆரம்பித்த பிறகும் பால் குடித்தது. அவள் சாப்பாட்டில் மிளகாய் குறைந்துகொண்டே வந்தது. நாக்கு எரிகிறது என்றாள். “வயசாகுதுடி உனக்கு” என்று கிண்டல் செய்தேன். காலில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்றாள். தரையைப் பார்த்து உட்காரச் சொன்னேன்.

பட்டியல்

கடைசியில் எல்லைத் தகராறு தீர்ந்தது. எந்தெந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று பட்டியல் வந்தது. அண்ணன் பட்டியலை வாங்கி, விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தார். கீழிருந்து மேலே போனார். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர் மெட்ராசோடு சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர் சேரவில்லை.

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் என் மண்டைக்குள் ஓடியது வேறு. இனி எங்கள் ஊர் எந்தக் காலத்திலும் மெட்ராசோடு சேரப் போவதில்லை. அப்படியானால் இந்த மனுஷன் எந்தக் காலத்திலும் செருப்பு போடப் போவதில்லை. கொக்கிப்புழுவுக்கு ஆயுள் குத்தகை.

அண்ணியின் சபதத்துக்கும் அதே கதிதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மலையேறினார்கள்

அந்த வருஷ மாங்காய்க் காலத்தில் குழந்தைக்கு மொட்டை போடத் திருப்பதிக்குப் போனார்கள். படியேறிப் போவதாக அண்ணனுக்கு வேண்டுதல். வேண்டுதல்களுக்குக் குறைவே இல்லாத வீடு. பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். பாதி வழியில் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவரையும் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறியவள் அண்ணி. மொட்டையும் போட்டு, பஸ்ஸில் கீழே இறக்கி, நேராகச் சித்தூர் பஸ் ஏற்றி என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.

வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் மேசையில் கையை நீட்டினாள்.

கண்ணாடிக் குழாயில்

இப்போது ஊசிக்கு வருகிறேன். குத்தினேன். ரத்தம் தானாக வரவில்லை, விரலை அமுக்க வேண்டியிருந்தது. குழாயில் இழுத்து அமிலத்தில் விட்டேன். அது டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். நல்ல ரத்தம் என்றால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கலாம்.

நாலே சொட்டு. நிறம் கண்ணாடிக்குச் சமமாகிவிட்டது.

நான்தான் தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். குழாயைக் கழுவிவிட்டு மறுபடி குத்தினேன். மறுபடியும் நாலே சொட்டு. ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும் என்று கட்டிலில் கிடக்கிற அண்ணனைவிட, ரத்தம் கொடுக்க வந்து நிற்கிற அண்ணிக்குக் குறைவாக இருந்தது.

“இன்னா பாப்பா, பத்தலியா? இன்னொரு வெரலயும் குத்திக்கோ.”

அவள் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள். எங்கள் பக்கத்துப் பெண்கள் நாள் தவறாமல் மஞ்சள் பூசிக் குளிப்பார்கள், அண்ணி கொஞ்சம் தாராளமாகவே பூசுவாள். “கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கிறடி” என்று நானே சொல்லியிருக்கிறேன்.

“அண்ணி, கடைசியா எப்ப மஞ்ச பூசிக் குளிச்ச?”

“எங்க பூசறது? மூணு நாளா வெறுந்தண்ணி ஊத்திக்கினதுதான்.”

நனைத்த துணியால் அவள் கன்னத்தைத் துடைத்தேன். துணி வெள்ளையாக இருந்தது. கன்னம் எலுமிச்சம்பழமாகவே இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு என்பதே இல்லை. ஊரெல்லாம் இமையை இழுத்துப் பார்த்தவள் நான்.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டைத் தேய்த்துச் சாயம் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அண்ணனுக்கு இருப்பது போல் சிறுத்த வளையங்கள் இல்லை. பெரிய பெரிய அணுக்கள், முட்டை முட்டையாக. அங்கொன்றும் இங்கொன்றுமாக.

“அது எதுலருந்து செய்றாங்க?”

டாக்டரம்மா வந்து பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ஈரலைப் போல் சிவந்து வழவழப்பாக இருந்தது. கண்ணை மூடச் சொல்லிக் கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார். அண்ணி தப்புத் தப்பாகச் சொன்னாள்.

“எத்தன வருஷமா நான்வெஜ் இல்ல?”

அண்ணி விரல் விட்டு எண்ணினாள். ஐந்து விரலும் போதவில்லை. பால், தயிர் எல்லாம் யாருக்கு என்ற கேள்விக்கு என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன்.

“மலை ஏறினாளா இவ!” டாக்டரம்மாவுக்கே நம்ப முடியவில்லை. “மெதுவா கொறஞ்சா உடம்பு பழகிக்கும் அம்மாயி. பழகிக்கினே இருக்கும். ஒருநாள் நெஞ்சு போதும்னு நின்னுடும். இவளுக்கு ரத்தம் ஏத்தினாலும் நெஞ்சு தாங்காது.” கீரைச் சத்து மாத்திரை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறுவது போல் ஏறும், ஆனால் கால் மரத்துப்போவது நிற்காது என்றார். ஊசி வேண்டும். அதுவும் உடனே. அலமாரியில் ஒரே ஒரு வகை ஊசிதான் இருந்தது. புதிதாக வந்த இன்னொன்று மெட்ராசிலிருந்து வர வேண்டும். அதுவரை இவள் தாங்குவாள் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மருந்தை ஊசியில் ஏற்றினார். அண்ணி கையை இழுத்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா, அது எதுலருந்து செய்றாங்க?”

நானாக இருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். டாக்டரம்மாவுக்குப் பொய் வராது.

“ஈரல் சாறும்மா.”

“அப்ப வேணாங்க. சாமிகிட்ட சொல்லிக்கீறேன்.”

கெஞ்சினேன். திட்டினேன். குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். “வாயால துன்னா இன்னா, கையால துன்னா இன்னா? கவிச்சி கவிச்சிதான்” என்று சிரித்தாள். அவள் பிடிவாதத்தை எங்கள் குடும்பமே அறியும்.

நேராக அண்ணனின் கட்டிலுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“வேற வழியே இல்லியாம்மா? ஊரறிய சொன்ன வாக்கு...”

அப்போது எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்றுவரை தெரியாது. “ஊரு எந்தப் பக்கம் இருந்தா இன்னாண்ணா? ஊட்டுல யாரு இருப்பாங்கன்னு யோசிச்சியா? உனக்கு ஈரல் வறுத்துப் போட்டுட்டு ரசம் ஊத்திக்கினு துன்னுது அது. அதோட ரத்தம் உன்னுதவிட கம்மி. அதத் தூக்கி உனக்கு ஏத்தச் சொல்லி நிக்குது!”

அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

வாசலில் கிடந்தது

பரிசோதனை அறை வாசலில் என் செருப்பு கிடந்தது. பூப்போட்ட வாருடைய பெண்பிள்ளைச் செருப்பு. அண்ணனின் காலுக்கு அதில் பாதிதான் இடம் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலை நுழைத்தார். மூச்சு வாங்கினார். இன்னொரு காலை நுழைத்தார். குதிகால் இரண்டும் செருப்பைத் தாண்டித் தரையில் பட்டன.

அப்படியே இழுத்து இழுத்து நடந்து அண்ணியின் முன்னால் போய் நின்றார்.

“இப்பக் குத்துங்க டாக்டரம்மா.”

அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கவில்லை.

“ஏமண்டி,” என்றாள். “கால் மாத்திப் போட்டுக்கினு வந்திருக்கீங்க.”

அத்தனை வருஷத்தில் மனுஷனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கையை நீட்டினாள். டாக்டரம்மா ஊசியைப் போட்டார்.

அண்ணனுக்கு என் ரத்தத்தைத்தான் ஏற்றினோம். நல்லவேளை, சேர்ந்தது. என் வாயும் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது போல, இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்து கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று என்னைத் திட்டினார். அண்ணிக்குத் தினம் ஊசி. தினம் விரலைக் குத்தி, தினம் சொட்டு எண்ணினேன். முதல் நாலு நாள் குழாயில் ஒரு மாற்றமும் இல்லை. மருந்து பிடிக்கவில்லையோ என்று எனக்கு உயிரே இல்லை. “குழாயப் பாக்காத, ஆளப் பாரு” என்றார் டாக்டரம்மா. ஆளிடமும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, பசிக்குது.”

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் கையால் சாப்பிட்டவள் நான். போதும் என்றால் விடமாட்டாள், இன்னும் ஒரு கரண்டி வைப்பாள். அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.